பாரிட்டுக்கு அப்பால் நின்ற இருவர்

"பாரிட்டுக்கு அப்பால் நின்று எனக்கு வெளிச்சம் காட்டிய இருவருக்கு."

சிறுவர்களுக்கான ஒரு படப் புத்தகத்தின் முதல் தாளில் இந்த வரி அச்சாகியிருக்கிறது. புத்தகம் சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, தபாலில் வந்தது. அனுப்பியவள் என் சிறுவயதுத் தோழி, ஆயா மகள். இப்போது செரண்டா ஊரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அங்கே ஏதோ பள்ளியின் புத்தகச் சந்தையில் வாங்கினாளாம். உள்ளே ஒரு துண்டுத் தாள் இருந்தது: "பதினோராம் பக்கத்தைப் பார். பார்த்ததும் போன் செய்."

தோட்டத்துப் பள்ளியில் என்னோடு படித்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேதிகள் எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு உங்களைத் தொந்தரவு செய்பவள் என்று எனக்குப் பெயர் உண்டு. இந்த முறை தொந்தரவு கொஞ்சம் வேறு மாதிரியானது. மாசி மகத்துக்கு அடுத்த சனிக்கிழமைக்குள் எனக்கு ஒரு தகவல் வேண்டும். கதையைச் சொன்னால்தான் கேள்வி புரியும்.

முதலில் புத்தகம். ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களை நீங்கள் அறிவீர்கள். ஒரு மரத்து மின்மினிகள் எல்லாம் ஒன்றாக எரியும், ஒன்றாக அணையும். புத்தகத்தில் ஒரு மின்மினி மட்டும் மற்றவை அணையும்போது எரிகிறது. மற்றவை அதை ஒதுக்குகின்றன. அது தனியாக ஓர் இலைக்குப் போகிறது. ஒரே ஒரு தோழி மட்டும் கூடவே போய், அதன் தாளத்துக்குத் தானும் எரிந்து பார்க்கிறது. கடைசிப் படத்தில் மரம் முழுக்க இருட்டு; நடுவில் ஒரு புள்ளி எரிகிறது. மற்றவை காத்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு இது போதும். எனக்கும் அதுவரை போதுமாகத்தான் இருந்தது.

பதினோராம் பக்கத்தில் மின்மினியே இல்லை. இடப்பக்கம் ஆறு கதவுகள் கொண்ட வரிசை வீடு, நம் லயம். அதன் பின்னால் உயரத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் ஏணியில் கீழிருந்து நான்காவது படி இல்லை. தகரக் கூரை போட்ட முனீஸ்வரர் கோயில். கோயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு சிறுமி. அவள் முன்னால், இளஞ்செம்பனைக் காட்டை ஒட்டி ஓடும் அகன்ற வாய்க்கால். அதைத்தான் பாரிட் என்போம். வாய்க்காலின் அந்தக் கரையில் இரண்டு உருவங்கள். ஒன்றின் கையில் வெளிச்சம்.

அந்த ஏணியில் நான்காவது படி இல்லாதது தோட்டத்தில் வாழாத யாருக்கும் தெரியாது.

ஆயா மகளுக்குப் போன் செய்தேன். "டிரைவர் மகளேதான் லா," என்றாள். "வேற யாரு வரைவா? ஆனா படத்த எண்ணிப் பாத்தியா நீ?"

"என்னத்த எண்ண?"

"ஆள எண்ணு."

*

டிரைவர் மகளை உங்களில் சிலர் மறந்திருக்கலாம். நம்மோடு ஓராண்டுக்கும் குறைவாகத்தான் இருந்தாள். கெர்லிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவள் அப்பா டிராக்டர் ஓட்ட வந்தார். நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். மேற்குப் பக்கத்து ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு முடித்த வருடம். லோரியில் ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, பெட்டியின்மேல் ஏழு வயதுப் பெண். அம்மா இல்லை. காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்றார்கள். அதே வாரம் மகளும் காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டு செய்திகளையும் தோட்டம் முழுக்க ஒரே மூச்சில் சொன்னார்கள். ஆனாலும் யாரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. எனக்கே அது சேர்ந்தது நாற்பது வயதுக்கு மேல், ஒரு மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், சுவரில் ஒட்டியிருந்த மூளைக்காய்ச்சல் அறிவிப்பைப் படித்தபோதுதான்.

அவள் வந்த அன்று மாலை விளக்கு வைக்கும் நேரம். பாரிட் ஓரத்தில் தனியாக நின்றிருந்தாள். ஆயாக் கொட்டகை வாசலிலிருந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. ஆயா இன்னொரு முறை கூப்பிட்டார். அதன்பிறகு வாயைப் பொத்திக்கொண்டு எங்களை உள்ளே தள்ளினார்.

காரணம் உங்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்தபின் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் திரும்பவேண்டும் என்று நம் எல்லாரையும் வளர்த்தார்கள். கெட்டது இரண்டு முறைதான் கூப்பிடுமாம். மூன்றாவது அழைப்பு மனிதருடையதாம். முதல் அழைப்புக்கே 'ஆங்' என்று சொல்லிவிட்டவன் அதோடு போய்விடுவான்; பிறகு உயிரோடிருப்பவர்கள் கூப்பிட்டால் அவனுக்கு எட்டாது.

ஒரு வாரத்தில் தோட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அம்மா சாகும்போது மகளைக் கூப்பிட்டிருக்கிறாள்; மகள் பதில் சொல்லிவிட்டாள். அவளை மூன்றாவது முறை கூப்பிட யாரும் துணியவில்லை. கூப்பிட்டு, அவள் திரும்பி, திரும்பியது அவளாக இல்லாவிட்டால்?

நம் பெரியவர்களை முட்டாள்கள் என்று நான் எழுதவில்லை. பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வது அங்கே விளையாட்டல்ல. தினமும் விடியுமுன், வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் வாசிப்பார். பதில் வராதவருக்கு அன்று வேலை இல்லை. பதில் சொல்கிறவர்தான் இருக்கிறவர்.

நான் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, அவளுக்குக் காது கேக்காதும்மா."

"கேக்காமயா அப்பன் டிராக்டரு வந்தா ஓடி வாசலுக்கு வர்றா? முதுகு காட்டி உக்காந்திருக்கா, வண்டி முக்கு திரும்புறதுக்குள்ள எழுந்திருக்கிறா. நானே பாத்தேன். டிராக்டரு கேக்குது, பேரு மட்டும் கேக்காதா? எந்த ஊரு காது அது?"

டிராக்டர் வரும்போது லயத்துப் பலகைத் தரை அதிர்வதை நான் என் உள்ளங்காலால் ஆயிரம் தடவை உணர்ந்தவள்தான். உணர்ந்ததைச் சொல்லத் தெரியவில்லை.

*

எங்கள் கூட்டு மூன்று பேர்: மண்டோர் மகன், ஆயா மகள், நான். அவளை நாங்கள் அன்பினால் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், சீண்டிப் பார்க்கப் போனோம். மண்டோர் மகன் தன் அப்பாவின் டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு, குளிக்கும் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து அவள் முகத்தில் அடித்தான்.

"பேய்க்கு வெளிச்சம் ஆகாதுடி. பாரேன், இப்பக் கத்தும்," என்றான்.

அவள் கத்தவில்லை. சிரித்தாள். குடத்துக்குள்ளிருந்து வருவதுபோன்ற உரத்த சிரிப்பு. ஓடி வந்து அவன் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி அவன் முகத்தில் திருப்பி அடித்தாள். அவன்தான் கத்தினான்.

"இப்ப யாருடா பேய்?" என்றாள் ஆயா மகள்.

அன்றிலிருந்து அவளைக் கூப்பிட எங்களுக்கு வாய் தேவைப்படவில்லை. ஒரு முறை மினுக்கினால் 'பார்', இரண்டு முறை என்றால் 'வா', நீளமாக ஒன்று 'திரும்பு'. அவளுக்கும் பேச்சு இருந்தது. பழைய பேச்சு, நடுநடுவே ஒலிகள் தேய்ந்துபோன பேச்சு. "நீ ஏன் சத்தமே இல்லாம பேசுற?" என்று என்னைத்தான் கேட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு எல்லாரும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் கணுக்காலைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் உண்டு. கெர்லிங்கில் அத்தை வேலைக்குப் போகும்போது அவளைத் தூணில் கட்டிவிட்டுப் போவாளாம். "நாய்க்குச் சோறு, எனக்குச் சோறு, பக்கத்துல பக்கத்துல," என்றாள், வருத்தமே இல்லாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா எங்களை டிராக்டர் வண்டியில் ஏற்றி ஆற்றுக்குக் கூட்டிப் போனார். பாசிர் பெனம்பாங் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகும் நேரம். அந்தி இறங்கியதும் பெரெம்பாங் மரம் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. டிரைவர் மகள் மரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் தோளைத் தட்டி, மேலே, இலை நுனியில் ஒன்றைக் காட்டினாள். அது மட்டும் தப்பாக எரிந்தது. மரம் இருட்டும்போது அது ஒரு பொட்டு.

அவள் அப்பா மிதிபலகையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். எங்களிடம்தான் சொன்னார், பெரியவர்களிடம் சொல்வதுபோல. "வர்ற வெள்ளிக்கெழம கோயில்ல பேர் கூப்பிடுறாங்க. மத்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் பயப்படுறாங்களாம், ஆயாக் கொட்டகையில வெச்சுக்க முடியாதுங்கிறாங்க. நான் வண்டிய ஓட்டுவனா, இவள முதுகுல கட்டிக்குவனா? மூணாவது கூப்பாட்டுக்குத் திரும்பிட்டா இங்கயே இருப்பா. இல்லன்னா கெர்லிங்குதான்."

"மாமா, திரும்பலாட்டி உங்க தங்கச்சி மறுபடி கட்டிப் போடுவாங்களே," என்றாள் ஆயா மகள்.

அவர் பீடியை ஆற்றில் எறிந்தார். "ஏறுங்க. இருட்டிருச்சு."

*

பேர் அழைப்பு எப்படி என்றால்: பிள்ளையைக் கோயிலுக்கு முதுகு காட்டி, பாரிட்டைப் பார்த்து நிறுத்துவார்கள். பூசாரி பின்னாலிருந்து, கற்பூரத் தட்டோடு மூன்று முறை கூப்பிடுவார். முதல் இரண்டுக்கும் திரும்பக்கூடாது. திரும்பினால் அது அவளல்ல. மூன்றாவதுக்குத் திரும்பவேண்டும். தோளைத் தொடக்கூடாது, உறுமி அடிக்கக்கூடாது.

எங்கள் திட்டம் மண்டோர் மகனுடையது. பாரிட்டின் இந்தக் கரையிலேயே, அவள் நிற்கும் இடத்துக்குச் சற்று இடப்புறம், லாலாங் புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, மூன்றாவது அழைப்பு காதில் விழுந்ததும் நீளமாக ஒரு வெளிச்சம். எங்களுக்குக் கேட்கும், அவளுக்குத் தெரியும். முந்திய நாள் ஒத்திகையும் பார்த்தோம். மூன்று ஒத்திகையிலும் வெளிச்சத்துக்குச் சரியாகத் திரும்பினாள்.

நாங்கள் இருந்தது இந்தக் கரை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கரைக்கு அப்போது பாலம் கிடையாது. அங்கே இளம் செம்பனைக் கன்றுகளைத் தவிர ஒன்றும் கிடையாது.

வெள்ளிக்கிழமை. கோயில் முன்னால் தோட்டமே நின்றது. அவளுக்கு மஞ்சள் பாவாடை கட்டியிருந்தார்கள். ஈரத் தலை. அவள் அப்பா வேல்களுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். பூசாரி கூப்பிட்டார். அந்தக் குரல் தண்ணீரைத் தொட்டுத் திரும்பி வந்தது. அவள் அசையவில்லை. இரண்டாவது முறை. அசையவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருத்தி விசும்பினாள்.

மூன்றாவது முறை கூப்பிட்டார்.

மண்டோர் மகன் பொத்தானை அழுத்தினான். வெளிச்சம் வரவில்லை. மறுபடி அழுத்தினான். தொடையில் தட்டினான். நேற்றைய ஒத்திகை பேட்டரியைத் தின்றுவிட்டிருந்தது. நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெதையும் பார்க்கவில்லை. ஆயா மகள் கண்ணை இறுக மூடி முனியாண்டியை வேண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று மண்டோர் மகனின் கை நின்றுவிட்டது. தலையை நிமிர்த்திப் பாரிட்டுக்கு அப்பால் பார்த்தான்.

"பெரியவங்க நிக்கிறாங்க," என்றான் மெதுவாக.

அதே நொடியில் பின்னால் கூட்டம் ஓவென்று இரைந்தது. டிரைவர் மகள் திரும்பியிருந்தாள்.

நாங்கள் ஓடினோம். மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தோம். தொட்டிக்குப் பின்னால் மூச்சு வாங்கும்போது ஆயா மகள் கேட்டாள், "எந்தப் பெரியவங்கடா? ஜாகாவா?" தோட்டத்துக் காவல்காரரை அப்படித்தான் சொல்வோம்.

"ஜாகா இல்ல."

"அப்ப யாரு லா?"

அவன் டார்ச்சைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவனைப் பாரிட் பக்கம் நான் பார்த்ததில்லை. தூண்டில் போட்டாலும் பெரிய வாய்க்காலுக்குத்தான் போவான். கல்யாண வீடுகளில் சந்தித்தபோதெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். "சின்ன வயசுல ஆயிரம் தெரியும்," என்பான். கடைசியாகக் கேட்டபோது மட்டும் என்னைத் தலையிலிருந்து கால்வரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல," என்றான். என்ன இன்னும் இல்லை என்று சொல்லவில்லை. அவன் இறந்து இப்போது நான்கு தைப்பூசம் ஆகிறது.

*

அவள் கெர்லிங்குக்குப் போகவில்லை. ஆயாக் கொட்டகைப் பெண்கள் அவளுக்குப் பொட்டு வைத்து மடியில் உட்காரவைத்தார்கள். பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே வேறொரு சங்கடம் வந்தது. திரும்பி வந்தவள் அல்லவா; இனி அவள் திரும்பாததற்கு மன்னிப்பில்லை. "கோயில்ல கூப்பிட்டா கேக்கும், வாத்தியார் கூப்பிட்டா கேக்காதோ?" என்று தலைமையாசிரியர் பிரம்பை எடுத்தார். எல்லா வகுப்புக்கும் ஒரே கூடம் என்பதால் நாங்கள் மூவரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, பெஞ்சுக்கு அடியில் காலால் தட்டித் தட்டி அந்த வருடத்தை ஓட்டினோம்.

பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிய டிரெசர் வந்தார். மருந்து கொடுக்கும் மனிதர், ஒல்லியானவர், யாரிடமும் அதிகம் பேசாதவர். புழு மருந்து கொடுக்க எங்களை வரிசையில் நிறுத்தியபோது, அவள் தலைக்குப் பின்னால் இரண்டு தட்டுகளை மோதினார். நாங்கள் எல்லாரும் துள்ளினோம். அவள் மட்டும் புழு மருந்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டனுப்பினார். கொஞ்ச நாளில் லோரி வந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி, வடக்கே எங்கோ ஓர் ஊரில் என்றார்கள். அவள் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து போனாள். மண்டோர் மகன் புது பேட்டரி போட்டிருந்தான். லோரி முக்கு திரும்பும்வரை மினுக்கிக்கொண்டே இருந்தான். பட்டப்பகல், அவளுக்குத் தெரிந்திருக்காது.

*

பதிப்பகத்தின் வழியாக ஆயா மகள்தான் அவளைக் கண்டுபிடித்தாள். போன மாதம் அவளிடமிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே செய்தி வந்தது. நல்ல தமிழ், சிறுவயதில் விட்டுப்போன மொழியை அவள் எழுத்திலேயே திரும்பக் கற்றிருக்கவேண்டும். தேவையான பகுதியை மட்டும் தருகிறேன்.

"மாசி மகத்துக்கு அடுத்த சனிக்கிழமை கோலசிலாங்கூருக்கு வருகிறேன். அந்தியில் கோயில் முன்னால் நான் நின்ற இடத்தில் நிற்க ஆசை. நீங்கள் இருவரும் நின்ற இடத்தில் நில்லுங்கள். ஒரு முறை வெளிச்சம் காட்டுங்கள். அன்று நீங்கள் காட்டியிருக்காவிட்டால் நான் தூணில்தான் வளர்ந்திருப்பேன். ஒத்திகையில் இடப்புறப் புல்லுக்குள் இருந்தவர்கள் ஏன் அக்கரைக்குப் போனீர்கள் என்று அப்போது குழம்பினேன். மண்டோர் மகன் ஏன் உங்களோடு இல்லை? ஒருத்தி ஒரு பக்கம் சாய்ந்து நின்றாளே, காலில் அடிபட்டிருந்ததா?"

பத்து வயதில் என் கால்களுக்கு ஒன்றுமில்லை. வலது முழங்காலில் அறுவை செய்தது சென்ற ஆண்டு, ஆடி மாதம். அதற்குப் பிறகுதான் குடையை ஊன்றி நடக்கிறேன்.

புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உருவங்கள் இரண்டு, செம்பனைக் கன்றுகளைவிட உயரம். ஒன்று சாய்ந்து நிற்கிறது. வெளிச்சத்துக்குப் பின்னால் முகங்கள் இல்லை. படம் வரைகிறவர்கள் நினைவைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்வார்கள் என்பதையும், ஏழு வயது நினைவு சாட்சியாகாது என்பதையும் அறிவேன். ஜாகா தனி ஆள். அந்த மாலை அவர் கோயில் கூட்டத்தில் என் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் அம்மாவை எரித்தது கெர்லிங்கில். தவிரவும் அம்மா ஒருத்திதான். மின்மினிகள் செம்பனைக்கு வருவதில்லை.

"உண்மையச் சொல்லிடலாமா?" என்று ஆயா மகளிடம் கேட்டேன். "டார்ச் எரியலன்னு?"

"சொல்லி?" என்றாள். "இத்தன வருசமா ரெண்டு பேரு தனக்காக நின்னாங்கன்னு நம்பிக்கிட்டு வாழ்ந்திருக்கா. நீ போய் உன் நோட்டுப் புத்தகத்தத் திருத்துறதுக்காக அவளத் திருத்துவியா?" பிறகு, "அன்னிக்கு நான் கண்ண மூடிட்டிருந்தேன். இந்தத் தடவ தொறந்து வெச்சிருப்பேன். பேட்டரி நீ வாங்கிட்டு வா," என்றாள்.

லயங்கள் இப்போது இல்லை. கோயில் இருக்கிறது, பாரிட் இருக்கிறது. அக்கரைச் செம்பனைகள் முதிர்ந்து, வெட்டப்பட்டு, சென்ற மழைக்காலத்தில் மறு நடவு செய்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். கன்றுகள் என் இடுப்பளவு. வாய்க்காலின் மேல் இப்போது ஒரு சிமெண்டுப் பாலம் உண்டு; கைப்பிடி இல்லை, குடையோடு கடக்கலாம்.

அவளுக்கு 'வருகிறோம்' என்று மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். புது டார்ச் ஒன்றும் பேட்டரிகள் இரண்டு சோடியும் வாங்கிவிட்டேன்.

உங்களில் யாராவது, அல்லது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது, அந்த வெள்ளிக்கிழமை அந்தியில் பாரிட்டுக்கு அப்பால் இரண்டு பேராக நின்றிருந்தால், தயவுசெய்து அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் எனக்குத் தெரிவியுங்கள். மற்றவற்றையெல்லாம் முடிந்தவரை சரிபார்த்துவிட்டேன். அங்கே நின்று வெளிச்சம் காட்டியவர்கள் யார் என்பது மட்டும் இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.